நட்டு, போல்ட்டுக்குக்கூட தடை... ஆனாலும் பறக்குது விமானம்! ஈரானும் ரஷ்யாவும் சமாளிப்பது எப்படி?

2018 டிசம்பர் 14. துபாயிலிருந்து ஆஸ்லோவுக்குக் கிளம்பிய நார்வீஜியன் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஈரானுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஓர் இன்ஜினில் ஆயில் கோளாறு. விமானி ரிஸ்க் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஷிராஸ் நகரில் பத்திரமாக இறக்கிவிட்டார். பயணிகள் அன்றிரவு ஓட்டலில் தூங்கி, மறுநாள் வேறு விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால், கோளாறான விமானம் கிளம்பவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை. சுமார் 70 நாட்கள் அங்கேயே நின்றது. அத்தனைக்கும் அது புத்தம் புது விமானம். ரிப்பேருக்குத் தேவையான பாகங்களை ஈரானுக்குள் கொண்டுபோக அமெரிக்கத் தடை குறுக்கே நின்றது. 2019 பிப்ரவரி பிற்பகுதியில்தான் ஒருவழியாக அது கிளம்பியது.

வழியில் இறங்கிய விருந்தாளிக்கே இந்தக் கதி. அதே ஷிராஸ் விமான நிலையத்தில் ஈரானின் சொந்த விமானங்கள் தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை போயிங், ஏர்பஸ் தயாரிப்புகள்தான். 40 வருஷத்துக்கும் மேலாக இதே தடையில் இருக்கும் நாடு அது. அவர்களுக்கு மட்டும் பாகம் எங்கிருந்து வருகிறது?

ஏர்பஸ் ஐரோப்பிய கம்பெனிதானே?

பலருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான். போயிங் அமெரிக்க நிறுவனம், சரி. ஏர்பஸ்ஸின் தலைமையகம் பிரான்ஸில். ரஷ்யா தனியாக விமானம் செய்கிறது. அவர்களிடம் வாங்கிக்கொண்டால் போச்சு?

அங்கேதான் 10 சதவீத விதி வருகிறது. ஒரு விமானத்தின் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கப் பாகங்கள் இருந்தால், அதை எந்த நாட்டில் தயாரித்திருந்தாலும், ஈரானுக்கு விற்க அமெரிக்காவின் அனுமதி வேண்டும். இன்ஜின், ஏவியானிக்ஸ், லேண்டிங் கியர் என்று அமெரிக்கப் பொருள் இல்லாத நவீன பயணிகள் விமானம் கிட்டத்தட்ட கிடையாது. ஏர்பஸ் மாட்டிக்கொள்ளும். பிரான்ஸ்-இத்தாலி கூட்டுத் தயாரிப்பான ஏடிஆர் மாட்டிக்கொள்ளும். ரஷ்யாவின் சுகோய் சூப்பர்ஜெட்கூட இந்த விதியைத் தாண்ட முடியாமல்தான் ஈரான் சந்தைக்குள் நுழையத் திணறியது.

இன்னொரு விஷயம், காகிதம். விமானத்தில் மாட்டும் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. எங்கே தயாரானது, எத்தனை மணி நேரம் பறந்தது, யார் சர்வீஸ் செய்தது, எப்போது மாற்ற வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஆவணம் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பாகமாக இருந்தாலும் விதிப்படி அது காயலான் கடைச் சரக்குதான். தடை உண்மையில் வெட்டுவது இந்த ஆவணச் சங்கிலியைத்தான். கள்ளச்சந்தையில் பாகம் கிடைத்துவிடும். அதன் ஜாதகம் உண்மையா பொய்யா என்று யாரிடம் கேட்பது?

ஒன்றைப் பிரி, இன்னொன்றை ஓட்டு

1970-களில் ஈரான் ஏர் சாதாரண நிறுவனம் இல்லை. போயிங் 747எஸ்பி விமானத்தை வைத்து டெஹ்ரானிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி சேவை நடத்தியது. கான்கார்டுக்குக்கூட ஆர்டர் கொடுத்திருந்தது. 1979-ல் இஸ்லாமியப் புரட்சி, அமெரிக்கத் தூதரகத்தில் பணயக்கைதிகள் விவகாரம், அதைத் தொடர்ந்து தடைகள். 1995-ல் கிளிண்டன் ஆட்சியில் வர்த்தகம் கிட்டத்தட்ட முழுசாகவே நின்றுபோனது.

கையில் இருந்த விமானங்களை வைத்தே காலம் தள்ள வேண்டிய நிலை. எப்படித் தள்ளினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: ஜம்போ ஜெட்டின் முதல் மாடலான 747-100-ஐ உலகமே ஓரங்கட்டிய பிறகும், ஈரான் ஏர் 2014 வரை பயணிகளோடு ஓட்டிக்கொண்டிருந்தது. 747எஸ்பி 2016 வரை பறந்தது. விமானப் பிரியர்கள் அதில் ஒருமுறை ஏறிப் பார்க்கவே டெஹ்ரானுக்கு டிக்கெட் போட்ட காலம் உண்டு!

இதன் ரகசியம் பெரிசாக ஒன்றுமில்லை. நான்கு விமானம் இருந்தால் ஒன்றை நிறுத்திப் பிரித்து, மற்ற மூன்றுக்கும் பாகம் எடுப்பது. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் அவசரத்துக்குச் செய்வதுதான் இது. ஈரானில் இதுவே அன்றாடப் பழக்கம். பெரிய மராமத்து வேலைகளை உள்ளூர் மெக்கானிக்குகளே கற்றுக்கொண்டார்கள். வேறு எங்கேயும் கழற்றி அனுப்பிவிடுகிற இன்ஜின் வேலையை அவர்கள் தாங்களே செய்கிறார்கள். அந்தத் திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கணக்கும் கூடவே வரும்: ஒவ்வொரு வருஷமும் பறக்கிற விமானம் குறையும், நிற்கிற விமானம் கூடும். ஈரானில் பெரும் பகுதி விமானங்கள் தரையில் முடங்கிக் கிடப்பதை அந்நாட்டு அதிகாரிகளே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

பாகம் கசிந்துவிடுமோ என்று அமெரிக்கா எவ்வளவு பயந்தது என்பதற்கு எஃப்-14 போர் விமானம் சாட்சி. ஷா காலத்தில் ஈரானுக்கு 79 எஃப்-14 விமானங்கள் போயிருந்தன. 2006-ல் அமெரிக்கக் கடற்படை தன்னிடம் இருந்த எஃப்-14-களுக்கு ஓய்வு கொடுத்தது. பழைய விமானங்களை ஏலம் விட்டால் பாகங்கள் சுற்றி வளைத்து ஈரானுக்குப் போய்விடும் என்று, அவற்றை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கினார்கள்.

கிளம்பியது ஓர் ஊருக்கு, இறங்கியது இன்னோர் ஊரில்

பாகத்தைக் கடத்தலாம். முழு விமானத்தையே கடத்த முடியுமா? முடியும். அதுவும் ஒருமுறை இல்லை.

இதில் கை தேர்ந்தது மகான் ஏர். ஈரானின் புரட்சிகரக் காவல் படைக்கு உதவியதாகச் சொல்லி 2011-ல் அமெரிக்கா இதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2015 மே மாதம், அந்த நிறுவனத்திடம் திடீரென்று 9 ஏர்பஸ் விமானங்கள் வந்து நின்றன. இராக்கில் இருந்த அல்-நாசர் என்ற சின்ன விமான நிறுவனத்தின் பெயரில் வாங்கி, அப்படியே ஈரானுக்குத் தள்ளிவிட்டார்கள். அமெரிக்கா அல்-நாசருக்கும் தடை போட்டது. விமானங்கள் திரும்பவில்லை.

2022 டிசம்பர். முன்பு டர்கிஷ் ஏர்லைன்ஸில் ஓடிய நான்கு ஏ340 விமானங்கள் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளம்பின. போகும் இடம் என்று எழுதியிருந்தது உஸ்பெகிஸ்தான். போய் இறங்கியது ஈரான்.

2025 ஜூலை. இந்த முறை ஐந்து போயிங் 777. தாய்லாந்தில் நோக்ஸ்கூட் என்ற பட்ஜெட் நிறுவனம் ஓட்டி, மூடுவிழா கண்டபின் சும்மா நின்றவை. மடகாஸ்கரின் தற்காலிகப் பதிவு எண்ணோடு கம்போடியாவிலிருந்து கிளம்பி, கென்யா போவதாகச் சொல்லி, ஈரானில் இறங்கிவிட்டன. எங்கள் நாட்டு எண் எப்படி வந்தது என்று மடகாஸ்கரில் பெரிய ரகளையே நடந்தது; போக்குவரத்து அமைச்சரின் பதவி போனது.

மூன்று கதையிலும் ஃபார்முலா ஒன்றுதான். பழைய விமானத்தை ஒரு லெட்டர்பேட் நிறுவனம் வாங்கும். அது இன்னொன்றுக்கு விற்கும். கண்காணிப்பு தளர்ந்த ஏதாவது ஒரு நாட்டில் தற்காலிகப் பதிவு. பயணிகள் இல்லாமல், 'விமானத்தை இடம் மாற்றுகிறோம்' என்று ஒரு பயணத் திட்டம். ஈரானை ஒட்டிய வான்வழியில் போகும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஓடுபாதையைத் தொட்டுவிட்டால் யாராலும் பறிமுதல் செய்ய முடியாது.

ஏன் ஏ340 மாதிரி பழசையே தேடிப் பிடிக்கிறார்கள்? நாலு இன்ஜின், எரிபொருளைக் குடித்துத் தள்ளும். அதனால் மற்ற நிறுவனங்கள் வந்த விலைக்கு விற்றுவிடுகின்றன. ஈரானில் எண்ணெய் மலிவு, விமானம்தான் பஞ்சம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது!

விமானம் இருக்கு, பெட்ரோல் போட ஆள் இல்லை

விமானம் கிடைத்தாலும் வெளிநாடு போய்த் திரும்புவது லேசான காரியம் இல்லை. 2019 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டுக்கு வந்த ஈரான் வெளியுறவு அமைச்சர் ஜாவத் ஜரீஃபின் விமானத்துக்கு எரிபொருள் போட தனியார் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. அமெரிக்கத் தடையில் தாங்களும் சிக்குவோமோ என்ற பயம். கடைசியில் ஜெர்மன் ராணுவம்தான் தன் கையிருப்பிலிருந்து நிரப்பி அனுப்பியது.

அமைச்சருக்காவது ராணுவம் கை கொடுத்தது. எம்ட்ரசூர் என்ற வெனிசுலா நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்துக்கு அதுவும் இல்லை. முன்பு மகான் ஏர் வசம் இருந்த விமானம் அது. 2022 ஜூனில் அர்ஜென்டினாவில் இறங்கியபோது எரிபொருள் தர எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். பக்கத்து உருகுவேயில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினால், உருகுவே உள்ளே விடவில்லை. வேறு வழியில்லாமல் புவனோஸ் ஐரிஸுக்கே திரும்பி, அங்கேயே முடங்கியது. பிறகு நீதிமன்றம், பறிமுதல். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோய் உடைத்தே போட்டார்கள்.

நடுவில் ஒரு நல்ல காலமும் வந்தது. 2015-ல் அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஈரான் ஏர் கடகடவென்று ஆர்டர் கொடுத்தது: ஏர்பஸ்ஸிடம் 100, போயிங்கிடம் 80, ஏடிஆரிடம் 20. ஆனால் 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினார். அதுவரை வந்து சேர்ந்தது மூன்று ஏர்பஸ், எட்டு ஏடிஆர். தடை மீண்டும் அமலாக இரண்டே நாள் இருந்தபோது, ஆகஸ்ட் 5-ம் தேதி, மேலும் ஐந்து ஏடிஆர் விமானங்கள் அவசர அவசரமாக டெஹ்ரானில் வந்து இறங்கின. போயிங் ஒன்றுகூட வரவில்லை.

ரஷ்யா செய்தது வேற லெவல்

ஈரான் 40 வருஷமாகப் பழகியதை ரஷ்யா நாற்பது நாளில் கற்க வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் மீது போர். அடுத்த சில நாட்களில் விமானம், உதிரிபாகம், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. குத்தகைக்கு விட்ட விமானங்களை மார்ச் 28-க்குள் திரும்பப் பெறும்படி நிறுவனங்களுக்குக் கெடு.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். நாம் ஏறும் விமானங்கள் பலவும் அந்தந்த விமான நிறுவனத்துக்குச் சொந்தமே இல்லை. அயர்லாந்து மாதிரி நாடுகளில் இருக்கும் குத்தகை நிறுவனங்களுடையவை. ரஷ்யாவில் அப்படி 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ஓடின. வாலில் ஏரோஃப்ளாட் என்று எழுதியிருந்தாலும், பதிவு பெர்முடாவிலோ அயர்லாந்திலோ இருக்கும்.

மார்ச் 12-ல் பெர்முடா தன் பதிவில் இருந்த விமானங்களின் தகுதிச் சான்றிதழை நிறுத்தி வைத்தது. இரண்டே நாளில் புதின் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: வெளிநாட்டு விமானங்களை ரஷ்யாவிலேயே பதிவு செய்து ஓட்டலாம். பழைய எண்ணை அழித்துவிட்டு 'ஆர்ஏ' என்று ரஷ்ய எண்ணை எழுதினார்கள். சுமார் 1,000 கோடி டாலர் மதிப்புள்ள 400-க்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படிக் கை மாறின. ஒரு விமானத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுப் பதிவு செல்லாது என்பது 1944 சிகாகோ உடன்படிக்கையின் விதி. அதைப் பற்றி மாஸ்கோ அலட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த விமானங்களை நாட்டைத் தாண்டி ஓட்டுவது? அங்கேதான் கொழும்பு காட்சிக்குள் வருகிறது. 2022 ஜூன் 2-ம் தேதி மாஸ்கோவுக்குக் கிளம்பவிருந்த ஏரோஃப்ளாட்டின் ஏ330 விமானத்தை, அயர்லாந்து குத்தகை நிறுவனத்தின் வழக்கில், கொழும்பு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. கட்டுநாயக்கவில் பயணிகள் தவித்துப்போனார்கள். கொழும்புக்கான சேவையை ஏரோஃப்ளாட் ரத்து செய்தது. மாஸ்கோ இலங்கைத் தூதரை அழைத்துக் கண்டித்தது. பெட்ரோலுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற நேரம் அது. ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளின் டாலரும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். ஜூன் 6-ல் தடை விலகி விமானம் பறந்தது. சட்டம் யார் பக்கம் என்பதைவிட, யாருக்கு யார் தேவை என்பதுதான் அந்த நான்கு நாளில் பெரிய கேள்வியாக இருந்தது.

பறிபோன விமானங்களுக்கான பஞ்சாயத்து லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்று 2025 ஜூனில் தீர்ப்பு. ஏர்கேப் என்ற குத்தகை நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 100 கோடி டாலர். சில விமானங்களுக்கு ரஷ்யத் தரப்பே காசு கொடுத்து செட்டில் செய்துகொண்டது. போர்க்காலத்திலும் அதற்கு ஏற்பாடு நடந்ததற்குக் காரணம், இரட்டைப் பதிவுப் பிரச்சினை தீர்ந்தால்தான் வெளிநாடுகளுக்குத் தைரியமாக ஓட்ட முடியும் என்பதே.

பாகங்கள் வரும் பாதை

ஏரோஃப்ளாட் தன்னிடமிருந்த ஏறக்குறைய புத்தம் புது ஏ350 ஒன்றைப் பிரித்துப் பாகம் எடுப்பதாக 2022 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 2023 ஏப்ரலில் அதே நிறுவனம் ஓர் ஏ330-ஐ ரிப்பேருக்காக டெஹ்ரானுக்கு அனுப்பியது. ஆமாம், மகான் ஏர் ஒர்க்‌ஷாப்புக்குத்தான். நாற்பது வருஷ அனுபவம் ஒருநாள் வியாபாரமும் ஆகும் போலிருக்கிறது.

மற்றபடி துபாய், துருக்கி, சீனா, மத்திய ஆசியா வழியாகப் பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2022 மே முதல் 2023 ஜூன் வரை குறைந்தது 120 கோடி டாலர் மதிப்புள்ள விமானப் பாகங்கள் ரஷ்ய நிறுவனங்களுக்குப் போயிருப்பதாகச் சுங்க ஆவணங்களை வைத்து ராய்ட்டர்ஸ் கணக்குப் போட்டது. இந்தியப் பெயரும் இதில் அடிபடுகிறது. 2024 அக்டோபரில், அமெரிக்காவில் வாங்கிய விமானக் கருவியை இந்தியாவில் பயன்படுத்தப் போவதாகச் சொல்லி ரஷ்யாவுக்கு அனுப்பத் திட்டமிட்டதாக ஓர் இந்தியத் தொழிலதிபர் மயாமியில் கைதானார். அதே மாதம், ரஷ்யாவுக்கு 700-க்கும் மேற்பட்ட முறை சரக்கு அனுப்பியதாக ஓர் இந்திய நிறுவனத்தை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது.

எல்லாமே இந்த வழியில் கிடைத்துவிடாது. ஃபில்டர், டயர், பிரேக் போன்றவற்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம். நவீன இன்ஜினின் முழு மராமத்தை அப்படிச் செய்ய முடியாது. ரஷ்யாவின் எஸ்7 நிறுவனம் ஏ320 நியோ விமானங்கள் பலவற்றை நிறுத்தி வைத்திருப்பது இதனால்தான். அவற்றின் பிராட் அண்ட் விட்னி இன்ஜின், தடையில்லாத நாடுகளையே படாதபாடு படுத்திய ரகம். பழைய மாடல்தான் தடைக்காலத்துக்கு ஏற்ற விமானம்!

சரி, ஏறலாமா?

பயணிக்கு வேண்டிய பதில் இது ஒன்றுதான். நேர்மையாகச் சொன்னால், ஒற்றை வரியில் சொல்ல முடியாது.

2018 பிப்ரவரியில் ஈரானின் ஆசெமான் நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் ஜாக்ரோஸ் மலையில் மோதி 66 பேர் இறந்தார்கள். பல வருஷம் பாகம் இல்லாமல் நின்று, மீண்டும் ஓடத் தொடங்கிய விமானம் அது. உடனே பழி தடைமேல் விழுந்தது. ஆனால் விசாரணை முக்கியமாகச் சுட்டிக்காட்டியது, மோசமான வானிலையில் விமானிகள் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதை. தடையால்தான் விழுந்தது என்று சொல்வதும் தவறு. தடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதும் அவசர முடிவு. எத்தனை விமானம் ஓடலாம், எது எத்தனை வருஷம் ஓடும் என்பதையெல்லாம் அந்தத் தடைதான் தீர்மானித்திருந்தது.

2023 செப்டம்பரில் யூரல் ஏர்லைன்ஸின் ஏ320, ஹைட்ராலிக் கோளாறால் சைபீரியாவில் ஒரு கோதுமை வயலில் இறங்கியது. 160-க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. யாருக்கும் பெரிய காயமில்லை. குளிர்காலத்தில் தரை உறைந்ததும் அங்கிருந்தே பறக்கவைக்கலாம் என்று நிறுவனம் திட்டம் போட்டது. நடக்கவில்லை, கடைசியில் வயலிலேயே பிரிக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் விழுந்து 48 பேரோடு எரிந்த ஆன்டனோவ்-24, 1976-ல் தயாரானது. மேற்கத்திய விமானமே இல்லை அது. மாற்று விமானம் வரும்வரை இழுத்துக்கொண்டிருந்த சோவியத் மிச்சம்.

பாதுகாப்புக்கு என்று அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பயணிகள் விமானத்தின் பாதுகாப்புக்கு அவசியமான பாகத்துக்கு விண்ணப்பித்தால், தனித்தனியாகப் பரிசீலித்து உரிமம் தரலாம். எவ்வளவு திறந்தது? 1979-க்குப் பிறகு முதன்முறையாக 2014-ல் போயிங் ஈரான் ஏருக்கு ஒரு விற்பனை செய்தது. விமானக் கையேடுகள், வரைபடங்கள், வழித்தடத் தகவல்கள். மொத்தம் 1,20,000 டாலர். பாகம் ஒன்றுகூட அதில் இல்லை.

தடை நாட்டு விமானத்தில் ஏறாவிட்டாலும் இது நம்மைத் தொடும். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம், இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் நகரில் இறங்கியது. 216 பயணிகளுக்கு ஓட்டல் போதாமல் பலரைத் தற்காலிக இடங்களில் தங்கவைத்தார்கள். மும்பையிலிருந்து மாற்று விமானம் போய் ஏற்றிச் செல்ல இரண்டு நாள் ஆனது.

அடுத்தது எச்.ஏ.எல்?

ரஷ்யா இப்போது தன் சூப்பர்ஜெட்டிலிருந்து மேற்கத்திய பாகங்களை எல்லாம் கழற்றிவிட்டு, எஸ்ஜே-100 என்று புதுசாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. பிரான்ஸுடன் சேர்ந்து செய்த இன்ஜினுக்குப் பதில் சொந்த பிடி-8 இன்ஜின். சொன்ன தேதிகள் தள்ளிக்கொண்டே போகின்றன. இந்த விமானத்தை இந்தியாவில் தயாரிக்க, பெங்களூருவின் எச்.ஏ.எல். நிறுவனம் 2025 அக்டோபரில் மாஸ்கோவில் ரஷ்யாவின் யு.ஏ.சி. நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது.

யு.ஏ.சி. 2022 முதல் அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருக்கிறது. அதே எச்.ஏ.எல். தயாரிக்கும் தேஜஸ் போர் விமானத்துக்கு இன்ஜின் வர வேண்டியது அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடமிருந்து.